டைனமிக் மைக்குக்கு பூஸ்டர் தேவையா? சேலம், ஏற்காடு வாசிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் எங்கள் சிறு குழுவில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிலேயே பதிவு செய்கிறோம். அம்மாபேட்டை, குகை, அஸ்தம்பட்டி, ஏற்காடு என்று வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலோரிடம் இருப்பது டைனமிக் மைக். அதனால் மாதம் தவறாமல் ஒரே கேள்வி வருகிறது: "ஒலி மிகவும் சிறியதாக விழுகிறது, பூஸ்டர் வாங்கட்டுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் நான்காவது, ஐந்தாவது பதில்களை மட்டுமாவது தயவுசெய்து படித்துவிடுங்கள்.

பூஸ்டர் என்பது என்ன?

மைக்குக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நடுவே, எக்ஸ்எல்ஆர் என்ற மைக் கேபிளின் வழியில் மாட்டும் சிறிய ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மின்னலையைப் பெருக்கும் சுற்று. இன்லைன் ப்ரீஆம்ப் என்பது அதன் முறையான பெயர். நம் குழுவில் பூஸ்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் சில இருக்கும். பேட்டரி இல்லை, குமிழும் பெரும்பாலும் இல்லை. இன்டர்ஃபேஸ் அதே மைக் கேபிளின் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தில், அதாவது பாண்டம் பவரில், அது இயங்கும். மைக்கிலிருந்து வரும் மின்னலையை 25 டெசிபல் அளவுக்கு உயர்த்தி அனுப்பும். 25 டெசிபல் என்றால் வோல்டேஜில் ஏறத்தாழ 18 மடங்கு.

டைனமிக் மைக்கில் மட்டும் ஏன் ஒலி இவ்வளவு சிறியதாக வருகிறது?

காந்தத்தின் நடுவே ஒரு மெல்லிய கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு சவ்வு. நம் குரல் சவ்வை அசைக்கிறது, சுருள் அசைகிறது, மின்சாரம் பிறக்கிறது. டைனமிக் மைக்குக்குள் இருப்பது இவ்வளவுதான். வெளியிலிருந்து மின்சாரம் வாங்கிப் பெருக்கிக்கொள்ளும் சுற்று அதில் கிடையாது.

எண்களில் பார்த்தால் தெளிவாகப் புரியும். 94 டெசிபல் ஒலி அழுத்தத்தில் ஷூர் எஸ்எம்7பி தருவது 1.12 மில்லிவோல்ட். மேடைகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட். அதே ஒலிக்கு ரோடு என்டி1-ஏ போன்ற ஒரு கண்டென்சர் மைக் (வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி இயங்கும் வகை) 25 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்எம்7பிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 27 டெசிபல். பூஸ்டர்கள் எல்லாம் 25, 27, 28 டெசிபல் என்று வருவதன் காரணம் இதில் தெரிகிறது: டைனமிக் மைக்கைக் கண்டென்சரின் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

நாம் 94 டெசிபலில் படிப்பதும் இல்லை. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபல், வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் 80 டெசிபல் அளவுக்கு இருக்கும். அந்த அளவில் எஸ்எம்7பியிலிருந்து புறப்படுவது ஒரு மில்லிவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான்.

என் இன்டர்ஃபேஸுக்கு பூஸ்டர் வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையேட்டில் மைக் உள்ளீட்டின் கெயின், அதாவது அது பெருக்கும் அளவு, எத்தனை டெசிபல் என்று பாருங்கள். எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல் கெயின்; நான்காம் தலைமுறையில் 69. பெயர் ஒன்று, பெட்டியின் நிறமும் ஒன்று. ஆனால் முன்னதை வைத்திருப்பவர் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டுத் தவிப்பார், பின்னதை வைத்திருப்பவருக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கும் தேவையே இருக்காது.

குமிழை முழுவதும் திருகிய பிறகும், பதிவு மென்பொருளின் அளவுகாட்டியில் (அதில் 0தான் உச்ச எல்லை) உங்கள் குரலின் உச்சம் −24 டெசிபலைத் தாண்டவில்லை என்றால் கெயின் போதவில்லை என்று பொருள். கெயின் போதவில்லை என்பதும் சீறல் கேட்கிறது என்பதும் இரண்டு வேறு குறைகள். அடுத்த பதிலில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பூஸ்டர் போட்டால் "ஸ்ஸ்" என்ற சீறல் குறையுமா?

குறையலாம். குறையாமலும் போகலாம். எல்லாம் உங்கள் இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் எவ்வளவு சுத்தமானது என்பதைப் பொறுத்தது.

ஒவ்வொரு ப்ரீஆம்புக்கும் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. கையேட்டில் அதை இஐஎன் என்று குறிப்பிட்டு, டிபியு என்ற அலகில் தருவார்கள்; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சுத்தம். இப்போது வரும் நல்ல இன்டர்ஃபேஸ்களில் இது −128 என்ற அளவில் இருக்கிறது. 150 ஓம் மின்தடையம் (ரெசிஸ்டர்) ஒன்று சும்மா இருக்கும்போதே, வெப்பத்தால் மட்டும் எழுப்பும் இரைச்சல் −131. டைனமிக் மைக்கின் சுருளும் அப்படிப்பட்ட ஒரு மின்தடையம்தான். அதற்குக் கீழே எந்தக் கருவியாலும் போக முடியாது. ஆக −128 உள்ள இன்டர்ஃபேஸில் இயற்கையின் எல்லைக்கு மேல் 3 டெசிபல்தான் மிச்சம் இருக்கிறது. பூஸ்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சிறு இடத்துக்குள்தான் அதனால் எதையாவது செய்ய முடியும். காதுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

−115, −118 என்று உள்ள பழைய இன்டர்ஃபேஸ், சிறிய மிக்சர், பழைய கைப்பதிவுக் கருவி என்றால் கதை வேறு. பூஸ்டர் குரலை 25 டெசிபல் தூக்கிக் கொடுப்பதால், அந்தக் கருவியின் கெயினை 25 டெசிபல் இறக்கி வைக்கலாம். கருவியின் சொந்தச் சீறல் குரலுக்கு அடியில் போய்விடும். 10 டெசிபல் அளவுக்கு வேறுபாடு கிடைக்கும். இதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஏற்காட்டில் எங்களுக்காக வாசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். மிக மென்மையான குரல், பத்து வருடப் பழைய மிக்சர். அவர் பதிவில் வாக்கியங்களுக்கு நடுவே மழை பெய்வது போல ஒரு சீறல் இருக்கும். பூஸ்டரை மாட்டிய அன்று அந்த மழை நின்றது. குரலை உயர்த்திப் படிக்கச் சொல்லி அவரை ஒரு வருடமாக வருத்தியிருக்கிறோமே என்று எனக்கு மனம் கனத்துவிட்டது.

உங்கள் சீறல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சோதனை. இரவு வீடு அடங்கிய பிறகு, வழக்கமான கெயினில் ஒரு நிமிடம் வெற்று அறையைப் பதிவு செய்யுங்கள். பிறகு மைக்கைத் தலையணைகளுக்கு நடுவே பொதிந்து பீரோவுக்குள் துணிகளோடு வைத்து மூடி, குமிழைத் தொடாமல் இன்னொரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டாவது பதிவில் இரைச்சல் நன்றாக இறங்கியிருந்தால் அது அறையின் இரைச்சல், பூஸ்டர் உதவாது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அது கருவியின் இரைச்சல், பூஸ்டரை யோசிக்கலாம். மைக்கைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளோடு சோதிக்க வேண்டாம். திறந்து கிடக்கும் உள்ளீட்டில் இரைச்சல் வேறு மாதிரி கூடிக் காட்டும், தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. பூஸ்டர் போட்டால் என் குரல் அதற்கு மேலே எழாதா?

எழாது. பூஸ்டருக்குக் குரல் எது, தறி எது என்று தெரியாது. மைக்குக்குள் நுழைந்த எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்தும். குரல் 18 மடங்கு என்றால் தறியும் 18 மடங்கு. நான் அம்மாபேட்டையில் வளர்ந்தவன்; தறிச் சத்தம் என் காதுக்குத் தாலாட்டு மாதிரி. அதனாலேயே என் முதல் பதிவுகளில் அது இருந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒரு மாணவி கேட்டுவிட்டு, "அண்ணா, பின்னால் ஏதோ ரயில் ஓடுகிறதே" என்றாள். பார்வையற்ற பிள்ளைகள் நாம் கேட்காததையெல்லாம் கேட்பார்கள். ஒரு பாடத்தை மூன்று முறை, நான்கு முறை திரும்பக் கேட்பார்கள். அந்த ரயில் அத்தனை முறையும் ஓடும்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 80 டெசிபலில் குரல், 30 டெசிபலில் அறை: இது நள்ளிரவில் அமைதியான படுக்கையறை. இடைவெளி 50. அதே குரலுக்கும் −128 உள்ள இன்டர்ஃபேஸின் சீறலுக்கும் உள்ள இடைவெளி 57. அமைதியான அறையிலேயே, அறைதான் கருவியை விடச் சத்தமாக இருக்கிறது. மின்விசிறி சுழலும் அறை 45 டெசிபலைத் தொட்டுவிடும். இடைவெளி 35 ஆகச் சுருங்கும். எந்த பூஸ்டராலும் அந்த எண்ணை மாற்ற முடியாது.

மாற்றக்கூடியவை வேறு. மைக்கின் பின்புறம் தறி இருக்கும் சுவரைப் பார்க்கும்படி உட்காருங்கள். முன்பக்கத்து ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்குக்குப் பின்புறம் காது மந்தம். தறியின் அதிர்வு தரை வழியாக மேசைக்கு ஏறும், அதனால் மைக் ஸ்டாண்டின் கீழே மடித்த கம்பளி வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்ச் மைக்கிலோ மென்பொருளிலோ இருந்தால் போடுங்கள். முதுகுக்குப் பின்னால் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துத் தொங்கவிடுவது அறையின் எதிரொலியைக் குறைக்கும். இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்தால் இன்னும் நல்லது. இவை அறைக்குள் எழும் ஒலியைத்தான் உறிஞ்சும். சுவரைத் தாண்டி வரும் தறியைத் தடுக்கமாட்டா.

எங்களுக்கு அதிகம் உதவியது பராமரிப்புப் பணிக்கான மாதாந்திர மின்தடை நாள்தான். பேப்பரில் நம் பகுதியின் பெயர் வந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவைப்போம். காலை 9 மணிக்கு மின்சாரம் போகும். தறிகள், மின்விசிறிகள், மோட்டார்கள் எல்லாம் ஒருசேர அடங்கும். மடிக்கணினியை முந்தைய இரவே முழுவதும் சார்ஜ் செய்து, யுஎஸ்பியிலேயே இயங்கும் இன்டர்ஃபேஸை வைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் இரண்டு பாடங்கள் முடிந்துவிடும். வியர்வை வழியும்தான், ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது பதிவு வேலையை நாங்கள் வைத்துக்கொள்வதே இல்லை.

மைக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் படிக்க வேண்டும்?

நான்கு விரல் அகலம், அதாவது 7 அல்லது 8 சென்டிமீட்டர். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், அதாவது இரண்டு மடங்கு. 30 சென்டிமீட்டரில் படித்தவர் 7.5க்கு வந்தால் 12 டெசிபல் கிடைத்துவிடுகிறது. பாதி பூஸ்டர் இலவசம். அதோடு, நெருங்கும்போது குரல் மட்டும்தான் கூடும். தறி இருந்த இடத்திலேயே இருக்கும். பூஸ்டரால் செய்ய முடியாத வேலை இது.

நெருங்கினால் அடிக்குரல் தடிக்கும், "ப" எழுத்து வெடிக்கும். வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

எப்படி இணைப்பது?

மைக், அதிலிருந்து கேபிள், பூஸ்டர், மீண்டும் கேபிள், இன்டர்ஃபேஸ். ட்ரைட்டன் ஃபெட்ஹெட் போன்ற குழாய் வடிவத்தவை மைக்கின் அடியிலேயே நேராக மாட்டிக்கொள்ளும்.

வரிசை முக்கியம். ஹெட்போனின் ஒலியை இறக்குங்கள். கெயினைச் சுழியத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். சில வினாடிகள் பொறுங்கள். பிறகு பாடத்திலேயே சத்தமாகப் படிக்கவேண்டிய ஒரு பத்தியைப் படித்துக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். உச்சம் −12லிருந்து −6க்குள் விழுந்தால் போதும். பழைய குமிழ் நிலையிலேயே விட்டுவிட்டு பூஸ்டரைப் போட்டால் குரல் கிழிந்துதான் வரும். புதிதாக வாங்கியவர்கள் முதல் நாளில் அழைப்பது பெரும்பாலும் இதற்காகத்தான்.

48 வோல்ட் கொடுத்தால் என் டைனமிக் மைக் கெட்டுவிடாதா?

பூஸ்டர் அந்த மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், மைக்குக்கு அனுப்பாது. பூஸ்டர் இல்லாவிட்டாலும், ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் கேபிளில் இருக்கும் டைனமிக் மைக்கை 48 வோல்ட் ஒன்றும் செய்யாது: இரு கம்பிகளிலும் ஒரே வோல்டேஜ் இருப்பதால் சுருளின் வழியே மின்னோட்டம் பாயாது. கம்பி மாறிப் பற்றவைத்த கேபிள்களில்தான் ஆபத்து. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் அதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சுருளுக்குப் பதிலாக அதனுள் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு ஒரு தவறில் போய்விடும்.

பூஸ்டர் போட்டேன், சத்தமே வரவில்லை.

பத்துக்கு எட்டு முறை 48 வோல்ட் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டீர்கள். அடுத்து, நீங்கள் வைத்திருப்பது ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் யுஎஸ்பி உள்ள மலிவு கேபிளா என்று பாருங்கள். அவற்றில் பாண்டம் பவர் இருக்காது. பூஸ்டர் அதில் உயிர்பெறாது. கைபேசியில் நேராக மாட்டும் கேபிள்களும் அப்படியே.

கண்டென்சர் மைக்குக்கு இதைப் போடலாமா?

வேண்டாம். வழக்கமான பூஸ்டர் பாண்டம் பவரை மேலே விடாததால் கண்டென்சர் மைக் இயங்கவே இயங்காது. அதற்குத் தேவையும் இல்லை.

இரண்டு பூஸ்டர்களைத் தொடர்ச்சியாக மாட்டினால்?

அதே காரணம். மைக் பக்கம் இருக்கும் பூஸ்டருக்கு மின்சாரம் போய்ச் சேராது.

பதிவு செய்த பிறகு மென்பொருளில் ஒலியைக் கூட்டிக்கொண்டால் போதாதா?

ப்ரீஆம்ப் சுத்தமாக இருந்தால் தாராளமாகப் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் −24ல் விழுந்தாலும் பிறகு 15 டெசிபல் ஏற்றிக்கொள்வதில் குரலுக்கு ஒரு சேதமும் இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். சீறும் ப்ரீஆம்ப் என்றால் மென்பொருள் அந்தச் சீறலையும் சேர்த்து ஏற்றும். சீறலுக்கு முன்னால் குரலை உயர்த்த வேண்டும் என்பதால் பூஸ்டர் அங்கே பயன்படுகிறது.

என் பதிவில் சீறல் இல்லை, "ம்ம்ம்" என்று உறுமுகிறது.

அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மின்தடையில் மட்டும் உறுமல் வந்தால், அது சைன் அலை தராத இன்வெர்ட்டர். கேபிளை மின்சாரக் கம்பிகளுக்கு இணையாக ஓடவிடாதீர்கள். பூஸ்டர் இதைக் குணப்படுத்தாது, மைக் பக்கத்திலேயே நுழைந்துவிட்ட உறுமலை இன்னும் பெரிதாக்கும்.

எந்த பூஸ்டர் வாங்கலாம்?

கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 இந்த வகையைப் பரவலாக அறிமுகப்படுத்திய பெயர். 25 டெசிபல் தருகிறது. ஃபெட்ஹெட் 27. எஸ்இ டைனமைட் டிஎம்1 28. கிளார்க் டெக்னிக் சிஎம்-1 25 டெசிபல் தரும், மற்றவற்றை விட விலை குறைவு. நம் வேலைக்கு இவற்றுக்குள் காதுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை என்பது என் கருத்து. விலையையும், பழுதானால் திருப்பித் தர முடியுமா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

புதிதாக மைக்கே வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2023இல் ஷூர் கொண்டுவந்த எஸ்எம்7டிபியில் பூஸ்டர் உள்ளேயே இருக்கிறது, 18 அல்லது 28 டெசிபல் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாம் வாசிப்பதற்கு அவ்வளவு விலையில் மைக் தேவையே இல்லை. எஸ்எம்58ஐ நெருங்கி வைத்து, அறையைச் சரிசெய்து படித்த பாடங்கள்தான் எங்களிடம் அதிகம்.

ஏற்காட்டில் பதிவு செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் அது. ஈரம் ஏறினால் கண்டென்சர் மைக் பொரியத் தொடங்கும். டைனமிக் மைக் தாங்கும். அங்கே டைனமிக்கும் பூஸ்டரும் நல்ல இணை என்று நான் சொல்வது அதனால்தான். சேலத்து வெயிலுக்குக் கீழே இறங்கும் நாளில் கருவிகளைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு திறவுங்கள், குளிர்ந்த உலோகத்தில் நீர் கோக்கும்.

காபித் தோட்டங்களுக்குள் சென்று மலைக்கிராமத்துப் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்ய விரும்புபவர்களும் இருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. கைப்பதிவுக் கருவியில் பாண்டம் பவரைப் போட்டால் பேட்டரி வேகமாகத் தீரும். மாற்று பேட்டரி இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து வாங்க முடியாது. பெரியவர்கள் மைக்குக்கு அருகில் வரக் கூச்சப்படுவார்கள். அவர்களை நெருக்காதீர்கள், மைக்கைக் கையில் பிடித்து நீங்களே மெல்ல அருகில் கொண்டுபோங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் சில்வண்டுகள் தொடங்கிவிட்டால் அன்றைய பதிவை முடித்துவிடலாம்.

அதே பூஸ்டரோடு கிராமத்தில் பறை, தவில் பதிவு செய்யலாமா?

கழற்றிவிடுங்கள். தவிலுக்கு அருகில் ஒலி 120 டெசிபலையும் தாண்டும். மைக்கே போதுமான மின்னலையைத் தந்துவிடும். அதை 18 மடங்கு பெருக்கினால் இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு எல்லையை முட்டி, அடிகள் சிதையலாம். கெயினை எவ்வளவு இறக்கினாலும் சிதைந்தது திரும்பாது.

வாங்குவதற்கு முன் உங்களிடம் இரவல் கிடைக்குமா?

குழுவிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஏற்காட்டு ஆசிரியையிடம் நிரந்தரமாக இருக்கிறது, அதை யாரும் கேட்க வேண்டாம். மற்றதை ஒரு வாரம் எடுத்துப் போகலாம். வரும்போது பீரோ சோதனையின் இரண்டு பதிவுகளையும் கொண்டுவாருங்கள். சேர்ந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.